கையை மடியில் வை

செப்டம்பர் 9

அம்மா,

பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். "உங்கம்மா ரொம்பக் கோபமா இருக்காம்மா, கொஞ்ச நாள் விட்டுப் பிடி" என்று சொல்லிவிட்டு விசில் ஊதி பஸ்ஸைக் கிளப்பிவிட்டார். கண்டக்டராக இருப்பதில் இது ஒரு வசதி. பதில் சொல்ல முடியாத கேள்வி வரும்போதெல்லாம் பஸ் கிளம்பிவிடும். அதனால் எழுதுகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் பிரிக்காமல் குப்பையில் போடுவாய் என்று உன் தையல் கடைக்கு அனுப்புகிறேன். துணி கொடுக்க வந்தவர்கள் முன்னால் கடிதத்தைக் கிழிக்க உனக்கு மனசு வராது.

நான் செய்த குற்றம்தான் என்ன? வீடியோவில் என் தங்கையைப் பார்த்து, "எப்படி இருக்கே?" என்று கையால் கேட்டேன். நீ எங்கிருந்தோ ஓடி வந்து போனுக்கு முன்னால் நின்றாய். "கையைக் கீழே போடுடி! நான் பட்ட பாட்டையெல்லாம் ஒரு நிமிஷத்துல குட்டிச்சுவராக்காதே" என்று கத்தினாய். உன் தோளுக்குப் பின்னால் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகில் உதடு கிடையாது அம்மா. நாம் எதற்குச் சண்டை போட்டோம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

பிறந்ததிலிருந்து காது கேட்காத பெண்ணுக்குக் கிளி என்று செல்லப்பெயர் வைத்த ஒரே அம்மா நீயாகத்தான் இருப்பாய். சின்ன வயதில் எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு கூசுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். இந்த வெளிநாட்டு விடுதியில் நான்கு அறைகளுக்கு ஒரு சமையலறை. அடுத்த அறைக்காரி கட்டடக் கலை படிக்கிறாள். அவளுக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. போன வாரம் அவளுடைய சிநேகிதர்கள் சாப்பிட வந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். அந்த மேஜையில் காது கேட்பவள் நான் ஒருத்திதான். இவர்களுடைய கைப்பேச்சில் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கைகள் பறந்தன. திடீரென்று எல்லோரும் சிரித்தார்கள், ஒருவன் மேஜையைக் குத்திக் குத்திச் சிரித்தான். நான் அடுத்த அறைக்காரியின் சட்டையை இழுத்து, என்ன என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே கையை உதறினாள். ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன். மறுபடி சிரிப்பு, மறுபடி கேட்டேன், அதே பதில். அடுத்த தடவை நான் தட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கோபத்தில் அழுதேன். பாதிச் சாப்பாடு தட்டிலேயே காய்ந்துபோனது.

ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன். இதை நம் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்போம்? அப்பா பஸ்ஸில் நடந்த கூத்தைச் சொல்வார், உனக்குப் புரையேறும், நான் உருண்டு சிரிப்பேன். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். கை மடியில் இருக்கும். பேசும்போது கை மடியை விட்டு எழக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். "என்னம்மா?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்போம். எப்போதாவது சொன்னோமா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. நான் ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் எழுந்து வந்ததை அவள் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து தாங்கியிருக்கிறாள்.

நம் ஊரிலிருந்து அரை நாள் பயணத்தில் காது கேளாதவர்களுக்கென்று ஒரு தொழிற்கல்லூரி இருக்கிறது. கையால் பாடம் நடத்துகிறார்கள், விடுதி இருக்கிறது. ஜனவரியில் சேர்க்கை. அவளுக்குப் பதினெட்டு வயதாகிறது. அவளை அங்கே அனுப்பு. அதற்கு முன்னால் அந்தச் சட்டத்தைத் தூக்கிப் போடு.

உன் பெரிய மகள்


செப்டம்பர் 25

பெரிய மனுஷிக்கு,

உன் கடிதம் வந்தபோது கடையில் சீருடை வாங்க வந்தவர்கள் நின்றிருந்தார்கள். நீ நினைத்த மாதிரியே கிழிக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டுப் படித்தேன். அப்போதும் கிழிக்கவில்லை, ஏனென்றால் வரிக்கு வரி பதில் சொல்ல அது எனக்கு வேண்டும்.

போனில் ஏன் பேசவில்லை என்று ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி கேட்கிறாய். இந்த வீட்டில் வாயைத் திறந்து சண்டை போட முடியுமா? அறையின் அந்தக் கோடியில் இருந்தே அவள் என் உதட்டைப் படித்துவிடுவாள். போனில் நீ பேசுவதையும் படிப்பாள். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் நான். அக்காவும் அம்மாவும் தன்னை வைத்து அடித்துக்கொள்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. அதனால் நானும் பேனாவை எடுத்தேன். இதற்கு மேல் நீ என்னை எழுத வைத்தால் வெட்டுகிற துணியெல்லாம் கோணலாகத்தான் போகும்.

உனக்கு ஏழு வயது, அவளுக்கு மூன்று. தண்ணீர்க் குடம் பரணிலிருந்து விழுந்தது. நீ அலறினாய், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவள் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. அன்றைக்கு என் வயிற்றில் விழுந்தது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. "கையை அசைக்க விட்டீங்கன்னா பேச்சு வராதும்மா, முடிவு பண்ணிக்குங்க" என்று டாக்டர் சொன்னார். அவரும் உன்னை மாதிரி நிறையப் படித்தவர்தான். நான் முடிவு பண்ணினேன்.

கண்ணாடி முன்னால் நின்று அம்மா என்று சொல்லிப் பார். அப்புறம் அப்பா என்று சொல். உதட்டில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அவள் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் கூப்பிட்டாள். நான் வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்தேன். அப்பா என்றால் காகிதம் ஆட வேண்டும், அம்மா என்றால் ஆடக் கூடாது. அவள் விரலை எடுத்து என் மூக்கின் மேல் வைத்து அதிர்வதைக் காட்டினேன். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்குப் போனது. குழந்தைதானே, சலித்துப்போய்த் தலையைக் குனிந்துகொள்வாள். முகவாயில் விரல் வைத்து நிமிர்த்துவேன். "என்னைப் பார்." மறுபடி குனிவாள், மறுபடி நிமிர்த்துவேன். ஒரு நாள் காகிதம் ஆடவில்லை. அம்மா என்றாள். நீ அப்போது மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தாய்.

இன்றைக்குக் கடைக்கு வருகிறவர்களிடம் "இடுப்பு லூசா இருக்கா?" என்று கேட்கிறாள். அவளுக்குக் காது கேட்காது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. உன்னை அவ்வளவு தூரம் அனுப்பியது, பேச்சுப் பயிற்சி படித்துவிட்டு வந்து அவளுடைய 'ர'வையும் 'ழ'வையும் சரி செய்வாய் என்றுதான். நீயோ போய் ஒரு வருஷத்தில் பேச்சே வேண்டாம் என்கிறாய். சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்துபோய் அழுதாயாம், ஐயோ பாவம். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், போலீஸ் ஸ்டேஷனில் யார் கையால் பேசுகிறார்கள்? என் காலத்துக்குப் பிறகு யாரை நம்பி அவளை விட்டுவிட்டுப் போவேன்? அந்த வாய் ஒன்றுதான் அவளுக்கு நான் வைத்துவிட்டுப் போகிற சொத்து.

சட்டம் போட்டது நான். காவல் காத்தது யார்? அவள் கை லேசாக எழுந்தால் "அம்மா, கை! அம்மா, கை!" என்று கத்தியது யார்? வெளிநாட்டுக்குப் போனதும் அதெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது.

விடுதியும் வேண்டாம், கல்லூரியும் வேண்டாம். உன் படிப்பைப் பார்.

அம்மா
(எந்தக் காகிதத்தையும் ஆட்டாமல் வந்த அம்மா)


அக்டோபர் 8

அம்மா,

ஆமாம், நான்தான் கத்தினேன். ஏழு வயதில் கத்தினேன். ஏழு வயதுப் பெண்ணைத் தங்கைக்குப் போலீஸாக உட்கார வைத்தது யார் என்பதையும் அதே கடிதத்தில் எழுதியிருக்கலாம்.

பாதிப் பேருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாயே, அதில் உனக்கு எவ்வளவு சந்தோஷம்! அவள் யார் என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அவளுடைய சாமர்த்தியமா? கடையில் அவள் என்ன பேசுகிறாள்? இடுப்பு லூசா இருக்கா, கை நீளம் போதுமா, வியாழக்கிழமை வாங்க. வீட்டில்? சாப்பிட்டேன், வேண்டாம், தூக்கம் வருது. அவளுக்கு யாரைக் கண்டால் பிடிக்காது? எதை நினைத்தால் பயம்? உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளுக்குப் பேச்சு வந்தது. நாம் அவளோடு பேசினோமா?

இங்கே வருவதற்கு முன்னால் என் கணக்கில் உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான் இருந்தார்கள். காது கேட்பவர்கள், இன்னும் சரி செய்யப்படாதவர்கள். சரி செய்கிற வேலையைக் கற்கத்தான் வந்தேன். வந்து பார்த்தால் அடுத்த அறைக்காரி பாலம் எப்படி நிற்கிறது என்று பேராசிரியரோடு சண்டை போடுகிறாள், காதலனைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறாள், என் பாலைக் கேட்காமல் எடுத்துக் குடிக்கிறாள். அந்தப் பால் விஷயத்தைத் தவிர அவளிடம் சரி செய்ய எதுவுமில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க நம் வீட்டில் மடியில் கட்டிப்போட்ட கை ஞாபகம் வருகிறது.

இன்னொன்றும் கேள். போன வாரம் வகுப்பில் ஒரு பழைய படம் போட்டார்கள். அதில் ஒரு அம்மா, ஒரு குழந்தை. வாய்க்கு முன்னால் காகிதத் துண்டு. முகவாயில் விரல். அதேதான். வகுப்பு முழுக்க 'ச்ச்' கொட்டியது. எழுந்து போய் ஒவ்வொரு கன்னத்திலும் ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. எங்க அம்மாவைப் பார்த்துப் பரிதாபப்பட இவர்கள் யார்? மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தவர்களா? அடுத்த நிமிஷம் உன் மேல் அதைவிடக் கோபம் வந்தது. இந்த இரண்டு கோபத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. கோபப்படாதே என்று சொல்ல மாட்டேன். தாராளமாகப் படு. அந்தக் கல்லூரிக்கு அவள் பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூட வேலைக்கான படிப்பு, படித்தால் உடனே வேலை கிடைக்கும். அவளுக்கு நிச்சயம் இடம் கொடுப்பார்கள். பதில் அவள் பெயருக்கு வீட்டுக்கு வரும்.

பெரிய மகள்


அக்டோபர் 30

அந்தப் பதில் வந்துவிட்டது.

நான் கடையில் இருந்தபோது வந்திருக்கிறது. மத்தியானம் சாப்பிடப் போனால் அவள் அதைப் பிரித்து மேஜையில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாதுகாவலர் என்று போட்ட இடத்தில் உன் பெயர். நான் செத்துப் போய்விட்டேனா? இல்லை, உங்கப்பாதான் செத்துப் போய்விட்டாரா? அவர் அந்த நேரத்தில் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், நான் என் காதால் கேட்டேன்.

"இது என்ன?" என்றாள். "உங்கக்கா பண்ணின வேலை" என்றேன். மறுபடி ஒரு தடவை படித்தாள். நான்காக மடித்தாள். "போமாட்டேன்" என்றாள். போதுமா? குளிர்ந்ததா? எனக்குக் குளிர்ந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, அன்றைக்கு இரண்டு பிடி அதிகமாகவே சாப்பிட்டேன்.

ஆனால் அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிறாள், என்னைக் கண்டால் திரும்பிக்கொள்கிறாள். நான் சொல்வது வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பினால் போதும், அவளுக்கு நான் ஊமை. நேற்று பொறுக்க முடியாமல் முகவாயில் விரல் வைத்து என் பக்கம் திருப்பினேன். என் கையைத் தட்டிவிட்டாள். ஓங்கித் தட்டினாள், இன்னொரு கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் அப்படிச் செய்தவள் இல்லை.

இன்னொரு சங்கதி. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பட்டன் வாங்கப் போகிறேன் என்று சாப்பிட்டதும் கிளம்புவாள், இருட்டுகிற நேரத்துக்கு வருவாள். பட்டன் கடை அடுத்த தெருவில் இருக்கிறது. எவ்வளவு காலமாக இது நடக்கிறது என்று இப்போதுதான் யோசித்தேன். கடையில் டப்பா டப்பாவாகப் பட்டன் சேர்ந்திருக்கிறது. அத்தனையும் தைக்க இந்த ஊரில் சட்டை இல்லை. உங்கப்பாவிடம் கேட்டேன். "வயசுப் பொண்ணு, கொஞ்சம் காத்து வாங்கட்டுமே" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார்.

இதுவும் உன் ஏற்பாடுதானே? யாரை வைத்து அவளைக் கலைக்கிறாய்? உன் கையாள் யார்? காதில் பூ சுற்றாமல் பதில் எழுது.

நீ எழுதாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. வருகிற ஞாயிறோ அதற்கடுத்த ஞாயிறோ அவள் பின்னாலேயே போகப் போகிறேன். அவளுக்கு என் காலடிச் சத்தம் கேட்காது. இதை எழுதும்போது எனக்கே என்னவோ போல் இருக்கிறது, ஆனாலும் போவேன்.

அம்மா


நவம்பர் 13

அம்மா,

நான் யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி இப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறேன். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அவளுக்காக நான் இங்கே உட்கார்ந்து உன்னோடு மல்லுக்கட்டுகிறேன், என்னிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

போமாட்டேன் என்றாள் என்று எழுதினாய். ஏன் என்று கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய், உன் பக்கம் ஜெயித்துவிட்டதல்லவா.

ஆனால் உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. இடம் கிடைத்துவிட்டது என்று கல்லூரியின் இணையதளத்தில் பார்த்ததும் அதை அடுத்த அறைக்காரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டிப்பிடித்துக் குதிப்பாள் என்று நினைத்தேன். "தங்கச்சி என்ன சொன்னா?" என்று கையால் கேட்டாள். இன்னும் கேட்கவில்லை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் பாலை எடுத்துக் குடித்தாள். போய்விட்டாள். அன்றிலிருந்து உன் மேல் முழுசாகக் கோபப்பட முடியவில்லை, அதனால் இன்னும் கோபமாக வருகிறது. உன்னை மாதிரி ஆகக் கூடாது என்று கடல் தாண்டி வந்து, முகவாயைப் பிடித்து நிமிர்த்துவதையே நானும் செய்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் பின்னால் போகாதே. காது கேட்காதவள் பின்னால் பதுங்கிப் போவதைவிடக் கேவலம் ஒன்றுமில்லை. போவதாக இருந்தால் அவள் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் போ.

விடுமுறைக்கு நான் வரவில்லை. வந்தால் எல்லோரும் அந்த மேஜையில் உட்கார வேண்டியிருக்கும். என் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது.

பெரிய மகள்


டிசம்பர் 4

அம்மாவின் பெரியவளுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டேன். பதுங்கித்தான் போனேன். கேவலம்தான். இப்போது நீ சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பட்டன் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் நிலையத்துக்குப் போனாள். பின்பக்கம், மூடிக் கிடக்கிற பழைய டிக்கெட் கவுண்டர் ஓரமாக ஒரு சிமெண்ட் மேடை இருக்கிறது. அங்கே ஏழெட்டுப் பேர். அச்சகத்தில் காகிதம் மடிக்கிற ஆள், பிஸ்கட் கம்பெனி உடுப்போடு இரண்டு பெண்கள், சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் ஒருவன். யாருக்கும் காது கேட்காது. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் செருப்புத் தேய்கிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் டீ வாங்கிக்கொண்டு ஒருவர் வருகிறார். யார் என்று நினைக்கிறாய்? காக்கிச் சட்டையோடு உங்கப்பா! வாராவாரம் அவர் பஸ்ஸில்தான் அவளைத் திரும்பக் கூட்டி வருகிறாராம். பேப்பருக்குப் பின்னாலிருந்து காற்று வாங்கட்டும் என்றாரே, அந்த மனுஷன். வீட்டுக்கு வந்து அவரை ஒரு பிடி பிடித்தேன், அது தனிக் கதை.

அங்கே நிறுத்தியிருந்த ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன். கிளி மேடைக்கு முன்னால் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிடுவது மாதிரி செய்தாள், ஒரு கையில் போனைப் பிடித்த மாதிரி பிடித்தாள், இன்னொரு கையை ஈ ஓட்டுவது போல் கண்டபடி ஆட்டினாள். எனக்கே புரிந்துவிட்டது. அது நீதான். வீடியோவில் நீ கேட்ட "எப்படி இருக்கே". அச்சகத்து ஆள் அப்புறம் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'உங்க பெரிய பொண்ணு பேசறது அந்த நாட்டுக் கை, இங்கே யாருக்கும் புரியாது.' நான் பட்ட பாட்டைக் குட்டிச்சுவராக்கி நீ கற்றுக்கொண்ட கை இங்கே செல்லாது. இதற்கா இவ்வளவு சண்டை போட்டோம்?

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெயிண்டர் மேடையிலிருந்து சரிந்து கீழேயே உட்கார்ந்துவிட்டான். என் பெண் ஜோக் சொல்கிறாள். அதுவும் எப்படி, நடுவில் நிறுத்தி, எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அப்புறம் கடைசி அடியைப் போடுகிறாள். சந்தோஷப்பட்டாயா என்று கேட்காதே. எனக்கு ஆத்திரம் வந்தது. என் வீட்டில் வளர்ந்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறவள், இதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தாள்? மடியில்தான் வைத்திருந்தாள். நான்தானே அங்கே வைக்கச் சொன்னேன்.

பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். நான் வெட்டவெளியில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் கை தானாக இறங்கியது. நின்றுகொண்டிருந்தவளுக்கு மடி இல்லை, இரண்டு கையையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பிரசவத்தில்கூட அப்படி வலித்ததில்லை.

"எதுக்கு வந்தே?" என்றாள். "நீ எதுக்குடி வந்தே?" என்றேன். அப்புறம் அவள் பேசினாள், வாயால்தான் பேசினாள். "யாரும் என்னைக் கேக்கல. நீயும் கேக்கல, அக்காவும் கேக்கல. அந்தக் காலேஜ்ல ரத்தம் எடுத்துப் பாக்கணும். எனக்கு ஊசி குத்தி விரல்ல ரத்தம் வந்தாலே மயக்கம் வரும், உனக்குத் தெரியுமா? எனக்கு வெட்டற மேஜை வேணும். எத்தனை நாளைக்குப் பட்டன் தைக்கறது? எனக்குத் துணி வெட்டணும், அளவு எடுக்கணும். எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும்." அவ்வளவு நீளமாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. 'ழ' சரியில்லை. திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மயக்கம் வரும் என்பது எனக்குத் தெரியாது.

இப்போது செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அவள்தான் வெட்டுகிறாள். போன வாரம் ஒரு சீருடைத் துணியைப் பாழாக்கினாள், கத்தினேன், அவளும் கத்தினாள். வீட்டில் அந்தச் சட்டத்தை நான் ஒன்றும் எடுக்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் போன அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவளே கையை மேஜை மேல் வைத்தாள். உங்கப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். உப்பு எங்கே என்று அவர் கையால் அவளைக் கேட்கிறார், அவருக்கு அந்தக் கைப்பேச்சு முன்னாலேயே தெரிந்திருக்கிறது, திருட்டு மனுஷன்.

நான் செய்தது தப்பு என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. அந்த வாயால்தான் அவள் என்னைத் திட்டினாள், அதைக் கொடுத்தவள் நான். உன் மேல் கோபமும் தீரவில்லை. விடுமுறைக்கு வா. கையை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள். நான் ஒருத்தியாகவே அந்த மேடையில் மரம் மாதிரி உட்கார்ந்திருக்க முடியாது.

அன்றைக்கு நடந்ததில் ஒன்றை எழுதாமல் விட்டேன். அச்சகத்து ஆள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார், உட்கார்ந்தேன். அப்புறம் கிளி அவர்களைப் பார்த்து என்னைக் காட்டினாள். ஆள்காட்டி விரலைத் தன் முகவாய்க்குக் கீழே வைத்துத் தலையை மேலே தூக்கினாள். அவர்களிடம் என் பெயர் அதுதான் போலிருக்கிறது. எல்லோருக்கும் உடனே யாரென்று தெரிந்துவிட்டது. அதற்கு மேல் ஏதோ வேகமாகச் சொன்னாள், விரல் இன்னொரு தடவை முகவாய்க்குப் போனது, எல்லோரும் சிரித்தார்கள். பிஸ்கட் கம்பெனிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உங்கப்பாகூட டீ கிளாஸுக்குள் சிரித்தார். எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "என்னடி? என்ன சொன்னே?" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கற்றுக்கொடுத்த அதே குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"ஒண்ணுமில்லம்மா. அப்புறம் சொல்றேன்."

அதற்கப்புறமும் இரண்டு ஞாயிறு போய் உட்கார்ந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

அம்மா